அடைத்தவர் மீதே உணவளிக்கும் கடமை



ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், இரை தேட வெளியே விடவும் செய்யாமல் சாகடித்த பெண், அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என அருமை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பூனை வளர்த்தது அவளது குற்றமன்று. அடைத்தபின் கடமையைக் கைவிட்டதே குற்றம்.

இப்படிப்பினை இன்று ஊர் முழுவதற்கும் உரியது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் வைக்குமாறு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலங்களுடன் நம் புதுச்சேரி போன்ற யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்தே இந்த ஆணை. பிள்ளைகளை வெறிநாய்க்கடியிலிருந்து காப்பது அவசியமே. ஆனால், நம் பாதுகாப்பிற்காக அடைக்கப்பட்ட பிராணி பட்டினி கிடந்தால், அக்கேள்வி நம் அனைவரையும் நோக்கியே வரும்.

ஆகவே, வளர்த்த பிராணி நோயுற்றதும் தெருவில் விடாதீர்கள். பூனை வளர்க்க விரும்புவோர் விலைக்கு வாங்காமல் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கலாம். பூனை அசுத்தமன்று என்பது நபிமொழி. அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூவுக்கான நீர்ப் பாத்திரத்தையே அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். காவலுக்கும் கால்நடைக்கும் நாய் தேவைப்படுவோரும் அங்கே கேட்கலாம். எடுத்து வளர்க்க இயலாதோர் அரிசியோ மருந்துச் செலவோ கொடுக்கலாம். ஸகாத் எட்டு வகையினருக்கே உரியது. இதனை ஸதகாவிலிருந்து கொடுங்கள்.

வாயில்லா ஜீவன்களின் முறையீட்டிற்கு ஆளாகாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.