நோயுற்ற கோழியும் இல்லறத்தார் நோன்பும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்ச் சமணர் இல்லங்களில் யசோதர காவியத்தின் கதையை அறியாதார் அரியர். உயிர்ப்பலியிட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். வெட்டுண்டது மாவே, ஆயினும் வெட்டும் எண்ணம் மெய்யாக இருந்தது. அவ்வினையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். இறுதியில் கோழிகளாகப் பிறந்தபோது அறவுரை கேட்டு, அடுத்த பிறவியில் மானிடராயினர். கோழியின் செவிக்கும் அறம் எட்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நம்பிக்கை. அத்தகைய ஐயறிவுயிர் நோயுற்று வாயிலில் நிற்கும்போது இல்லறத்தார் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பொருள்.

முட்டையிடும் பருவம் கழிந்த கோழியைக் கறிக்கு விற்பது உலக வழக்கு. அவ்வாறு விற்கப்பட இருந்த கோழியொன்றை அயலாரிடமிருந்து பெற்று, கொல்லையில் விட்டுக் காக்கும் இல்லம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் காலையில் கோழி கூண்டைவிட்டு வெளிவரவில்லை. இறகைச் சிலிர்த்துக் கண்மூடி ஒடுங்கி நிற்கிறது. தானியத்தைத் தூவியும் தலை நிமிரவில்லை.

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய இரை கழுத்தின் அடியில், மார்பின் வலப்புறமுள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பின்னர்ச் செரிமான நீர் சுரக்கும் பகுதியைக் கடந்து, வலிய தசையாலான அரைவைப்பையை அடையும். கோழி விழுங்கிய சிறு கற்களே அங்கே பற்களாக நின்று தானியத்தை அரைக்கும். பொழுது சாய்ந்தபின் கோழி உண்பதில்லை. இரவு உண்ணாமை அதற்கு இயல்பிலேயே அமைந்த ஒழுக்கம். மாலையில் நிறைந்த தீனிப்பை விடியுமுன் ஒழிந்திருக்க வேண்டும். ஆகவே காலையில் இரை வைக்குமுன் அவ்விடத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பதே முதற் சோதனை.

அது கல்போல் கெட்டியாக இருப்பின், நீண்ட புல்லோ வைக்கோலோ கயிற்றுத் துண்டோ அடைத்துள்ளது எனலாம். நீர் நிறைந்த பைபோல் தளர்ந்து, வாயில் புளித்த வாடை வீசினால், உள்ளே தேங்கிய இரை புளித்துப் பூஞ்சை பெருகியுள்ளது எனலாம். எவ்வாறாயினும் கோழியை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றும் வெதுவெதுப்பும் உள்ள அமைதியான இடத்தில் வைத்தல் வேண்டும். வடிகட்டிய தூய நீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும். அடைப்பாயின், சில துளி எண்ணெயை அலகின் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு, தீனிப்பையை விரல்நுனிகளால் சில நிமிடம் இதமாகப் பிசைந்து கொடுக்கலாம். பகலில் சிலமுறை இவ்வாறு செய்யலாம். தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. தேங்கிய நீர் மூச்சுக்குழலுள் புகுந்து உயிருக்கே இறுதியாகும். ஓரிரு நாளில் தீனிப்பை ஒழியாவிடில் கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். கழிச்சலில் இரத்தம் கண்டாலும், கழுத்துத் திருகி நின்றாலும் அன்றே நாடுதல் வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை; முன்னரே இடும் தடுப்பூசியே காப்பு.

இனி, இல்லறத்தாரின் உள்ளத்தை வருத்தும் ஓர் ஐயம் உண்டு. அடைப்பு நீங்கும்வரை ஒரு பகலும் ஓர் இரவும் தானியத்தை நிறுத்தி வைக்கவேண்டி வரும். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு இழுக்காகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். அங்ஙனமாயின், பசித்த கோழியின் முன்னிருந்து தானியத்தை அகற்றும் தாய் விரதம் பிழைத்தவளா?

அல்லள். அந்நூலே அசட்டையும் விருப்புவெறுப்பும் கொண்ட மனத்தால் உயிரை வருத்துவதையே ஹிம்சை என்கிறது. மறதியாலோ சினத்தாலோ கஞ்சத்தனத்தாலோ இரை மறுத்தால் அது குற்றம். நிறைந்த பையின்மேல் மேலும் இரை சேர்ந்தால் உயிர் போகும் என்றறிந்து, நீரை மறுக்காமல், நாழிகைதோறும் சென்று பார்த்து, தீனிப்பை ஒழிந்ததும் குழைந்த சோற்றைச் சிறிதளவு ஊட்டுதல் காவல். செயல் ஒன்றே, எண்ணம் வேறு. மாக்கோழியை வெட்டிய மன்னனை அவன் எண்ணம் கட்டியது. தானியத்தை அகற்றிய தாயை அவள் எண்ணம் காக்கிறது. ஆனால் எண்ணம் நல்லதென்று சொல்லிவிட்டுக் கோழியை மறந்து உறங்குவாராயின், காவலும் குற்றமாகிவிடும்.

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் சில உயிர்கள் பிழைப்பதில்லை. அப்போது, "அறுத்துவிட்டால் கறிக்காவது ஆகும்" என்று அயலார் கூறக்கூடும். சீவக சிந்தாமணியில் சீவகன் அடிபட்டுக் கிடந்த நாயின் உயிரைக் காக்க இயலவில்லை; ஆயினும் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. காக்க இயலாதபோதும் அருகிருக்க இயலும் என்பதே அக்கதை காட்டும் நெறி.

டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர சமணர்தம் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அத்துணைப் பெரிய பணி எல்லோர்க்கும் இயலாது. கொல்லையில் கிடக்கும் நைலான் இழைகளையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் பொறுக்குதல் இயலும். நீர்க்கலத்தை நாள்தோறும் கழுவுதல் இயலும். கூண்டின் தரையை உலர்ந்ததாக வைத்தல் இயலும். குடற்புழு பெருகுமுன்னரே இவ்வாறு தடுத்தால், பின்னர் மருந்திட்டு அவ்வீரறிவுயிர்களைக் கொல்லும் இக்கட்டும் குறையும். விடியற்காலையில் ஒரு கோழியின் மார்பைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடமும் ஆகாது. அவ்வரை நிமிடமும் நோன்பே.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!