சங்கு ஓய்ந்த ஊரிலிருந்து

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்துக்கு ஒரு போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் இருக்கிறார். அதே மாவட்டத்துக்குள் அடங்கிய கோலார் தங்கவயலுக்கும் தனியே ஒரு போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் இருக்கிறார். ஒரு சிறு ஊரைத் தனிப் போலீஸ் மாவட்டமாக வைத்துக் காக்கவேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால், விடை ஒரே சொல்லில் அடங்கிவிடும்: தங்கம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து இறங்கிய நாள் முதலாக, மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப், நந்திதுர்க்கம், ஊர்காம் என்று வரிசையாகத் திறக்கப்பட்ட சுரங்கங்களிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளிவந்தது. அந்தத் தங்கத்தில் ஒரு குன்றிமணியும் வழி தவறிப் போய்விடலாகாது என்பதற்காகக் காவலும் சோதனையும் சட்டமும் ஏற்பட்டன. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று விதி பிறந்தபோது, "நாங்கள் திருடர்களா?" என்ற ரோஷம் பொங்கி, சுரங்கம் முழுவதும் வேலை நின்றுபோனதை இந்த ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பொருளுக்கு இத்தனை காவல் இருந்த அந்த ஊரிலே, மனிதர்களுக்கு இருந்த காவல் எவ்வளவு என்பதை அறியவேண்டுமானால், நாம் கேட்கவேண்டியது அதிகாரிகளை அல்ல. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களை.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும், நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட காரணத்தால் புறப்பட்டு வந்த குடும்பங்கள்தாம் அந்த லைன்களில் பெரும்பாலும் குடியிருந்தன. மூங்கில் தட்டியால் மறைத்த ஒற்றை அறை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். ஷிப்டு தொடங்கவும் முடியவும் ஊதுகின்ற சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதியதும் புருஷன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவான். சாம்பியன் ரீபில் அந்த ஆழம் மூன்று கிலோமீட்டரையும் தாண்டிற்று. அவ்வளவு ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கமாட்டாமல் பாறை தானே வெடித்துச் சிதறுவது உண்டு. அதை அங்குள்ளவர்கள் "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். பூமிக்குள்ளே பாறை வெடித்தால் பூமிக்கு மேலே அலமாரியிலுள்ள பாத்திரங்கள் கலகலத்து உருளும். உலை வைத்திருந்தவளும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும், முறைக்குழாயடியில் குடத்தோடு நின்றவளும், எடுத்தது எடுத்தபடி, போட்டது போட்டபடி ஷாப்டு வாசலை நோக்கி ஓடுவார்கள். கூண்டு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அதிலிருந்து இறங்கும் முகங்களில் தன் வீட்டு முகத்தைத் தேடுகின்ற பெண்ணிடம் சென்று, "அம்மா, பாதுகாப்பு என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால், அவள் எல்லையையும் கஜானாவையும் பற்றியா பேசியிருப்பாள்?

வெடிக்குத் தப்பியவனையும் தூசி விடவில்லை. கல்தூள் நுரையீரலில் படிந்து, மூச்சைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் சிலிகோசிஸ் என்னும் வியாதி கோலார் தொழிலாளரைப் பீடித்திருப்பதை, நாடு விடுதலை பெறுவதற்கு முன்னமே வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதி வைத்தார்கள். வைத்தியர்கள் எழுதியதை அந்தப் பெண்கள் இரவுதோறும் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்த இருமலிலே படித்துக்கொண்டிருந்தார்கள்.

நேயர்களே, தேசத்தின் பாதுகாப்பு என்ற பெயரால் பெண்ணிடம் கேட்டு வாங்குவதற்கு அரசுகள் என்றுமே தயங்கியதில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது நிலக்கரி போதவில்லை என்பதற்காக, பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு இறக்கலாகாது என்றிருந்த தடையை 1943இல் நிலக்கரிச் சுரங்கங்களில் தளர்த்தினார்கள். அகில இந்திய மாதர் மாநாடு அதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. யுத்தம் முடிந்து 1946இல்தான் அந்தத் தடை திரும்ப வந்தது. 1962இல் சீனப் படை எல்லை கடந்து வந்தபோது, தேசப் பாதுகாப்பு நிதிக்காக நாடெங்கும் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். மனமுவந்தே கொடுத்தார்கள், அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் கோலார் சுரங்கங்களை மைசூர் அரசிடமிருந்து மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அடுத்த ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட நகைகளைப் புதிதாகச் செய்யலாகாது என்று விதித்தது. இப்படியாகப் பூமிக்கடியில் இருந்த தங்கமும் பெண்ணின் கழுத்தில் இருந்த தங்கமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேசத்தின் கணக்குக்குள் வந்து சேர்ந்தன.

பெண்ணுக்குத் தங்கத்தின்மேல் ஏன் இத்தனை ஆசை என்று பரிகாசம் செய்கிறவர்கள், அது ஆசையா, எச்சரிக்கையா என்பதைச் சற்று யோசிக்கவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடச் சம்பளம், வேலைநிறுத்த காலத்தின் வெறும் அடுப்பு இவற்றுக்கெல்லாம் அவளிடம் இருந்த ஒரே காப்பு அந்த அரைச் சவரன்தான். அதை அடகுக் கடைக்கு அனுப்புவதும், மீட்பதும், மறுபடி அனுப்புவதுமாகவே லைன் வீடுகளில் குடித்தனம் நடந்தது. 1991ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலைமை வந்தபோது, ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை ஈடாக விமானமேற்றி அனுப்பிக் கடன் பெற்றதைப் பத்திரிகைகள் பெரும் அவமானமாக எழுதின. அடகுக் கடையின் படி ஏறி இறங்கிய பெண்ணுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவள் ஒன்று மட்டும் கேட்டிருப்பாள்: "அடகு வைக்கும் நிலைமை வராமல் குடும்பத்தை நடத்துவதற்கல்லவா சாமர்த்தியம் வேண்டும்?" பாதுகாப்பைப் பற்றி அறிஞர்கள் எழுதிய நூல்களில் இதைவிடத் தெளிவான சூத்திரம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உலகமும் மெதுவாக இந்த வழிக்கே வந்தது. 1994ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மானுட வளர்ச்சி அறிக்கை, உணவும் உடல்நலமும் வேலையும் சுற்றுச்சூழலும் சேர்ந்ததே மனிதனுடைய பாதுகாப்பு என்று பேசிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1325ஆம் எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றி, போரையும் சமாதானத்தையும் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. அதற்குச் சரியாக நான்கு மாதம் கழித்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூடுவதா வேண்டாமா என்று யோசித்த மேஜைகளைச் சுற்றி நஷ்டக் கணக்கு இருந்தது. நாளைக்கு உலை வைக்கவேண்டியவளின் கணக்கு அங்கே இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று மைசூர் மைன்ஸ் பக்கம் போகிறவர்கள் முதலில் காண்பது மலை போன்ற மண்மேடுகளை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு அது. ஊரைச் சுற்றி மூன்று கோடி டன்னுக்கும் அதிகமாகக் குவிந்து கிடக்கிறது. அதைச் சயனைடு மேடு என்பார்கள். கோடைக் காற்று எழுந்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து, சோற்றிலும் தொட்டிலிலும் படிகிறது. ஒரு நாளைக்கு இத்தனை முறை பெருக்கினோம் என்று பெண்கள் சொல்வதைக் கேட்டால், அது வீட்டைச் சுத்தமாக வைக்கும் சிரத்தை மட்டுமல்ல, நாள்தோறும் நடக்கும் ஒரு யுத்தம் என்பது விளங்கும். அதே ஊரில்தான் 1964இல் பிறந்த பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையும் இருக்கிறது. அது நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. அங்கே ராணுவத்துக்கான வாகனங்கள் உருவாகின்றன. அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயர்ப்பலகையும் சயனைடு மேட்டின் தூசியும் ஒரே ஊரில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே சொல்லால் அளந்து பார்க்கும் உரிமை அங்கே வாழ்கிற பெண்ணுக்கு உண்டா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

எல்லையைக் காப்பவன் வணக்கத்துக்குரியவன். அவன் காப்பது எதை என்று கேட்டால், வீடுகளைத்தானே சொல்லவேண்டும்? அந்த வீட்டிலே குடிக்கத் தண்ணீரும், மூச்சுவிடச் சுத்தமான காற்றும், போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையும் இல்லையென்றால், காவல் எத்தனை பலமாக இருந்தாலும் அது வெறும் பெட்டிக்குப் போட்ட பூட்டாகவே முடியும். ஆகையால், ஊராட்சி மன்றமானாலும், நகர சபையானாலும், நாடாளுமன்றமானாலும், பாதுகாப்பு என்று பெயரிட்டு எந்தத் திட்டத்தைத் தீட்டினாலும், அதனால் யார் காத்திருக்க நேரும் என்பதை முதலில் விசாரியுங்கள். விசாரித்து, காத்திருக்கிறவளை அழைத்து அந்த மேஜையருகே உட்கார வையுங்கள்.

சங்கு ஓய்ந்துவிட்டது, காத்திருப்பது ஓயவில்லை. விடியுமுன் மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் ஊரில் பாதி வேலைக்காக ஏறிப் போகிறது. இப்போது பெண்களும் அதில் ஏறுகிறார்கள். இரவு அந்த ரயில் திரும்பி வரும் வரையில் வாசலில் விளக்கு எரிகிறது.