கருவி நமதாவது எப்போது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மின் கித்தார். இதைக் கேட்டதும் முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறேன். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு கித்தார் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைப் பற்றி அவ்வீட்டில் ஒரு வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. "மேனாட்டார் கருவி நமக்கு எதற்கு?" என்பது தாத்தாவின் கேள்வி. "நல்ல விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திருகாணி கழற்றிப் பிரித்துப் போட்டிருக்கிறானே!" என்பது தந்தையின் முறையீடு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்று நான் கருதுகிறேன். அதை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னோர் செய்தது

முதலில் தாத்தாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சண்முகானந்த மண்டபத்தில் கச்சேரி கேட்கச் செல்கிறோம். பாடகரின் பக்கத்தில் வயலின் இருக்கிறது. அதை அயற்கருவி என்று இன்று எவரேனும் சொல்வாரா? ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கையிலெடுத்தார்கள். வடிவேலுவின் திறமையை மெச்சிச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அவர்கள் அக்கருவியை வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை என்பதை நாம் கருத வேண்டும். நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறை நம்மிடம் நிலைபெற்றது. சுருதி கூட்டும் முறையும் மாறிற்று. சட்சமம், பஞ்சமம், மீண்டும் சட்சமம், பஞ்சமம் என நான்கு தந்திகளும் நம் இசைக்கு ஏற்ப அமைந்தன. விரல் தந்தியின்மேல் வழுக்கிச் சென்று கமகத்தைப் பேசிற்று. அன்றே வயலின் நமதாயிற்று.

அயற்கருவிக்கு மட்டுமா இந்த விதி? நம் சொந்த நாகசுரத்தைப் பாருங்கள். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) உச்சச் சுருதியில் ஒலித்த திமிரி நாகசுரத்தோடு மனநிறைவு கொள்ளவில்லை. நரசிங்கம்பேட்டை ஆசாரிமாரின் துணைகொண்டு, நீளம் மிகுந்த, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை நிலைநாட்டினார். செம்பூர் முருகன் கோயில் திருவிழாவில் நாம் கேட்டு மகிழும் அந்தக் கம்பீர நாதம், வாசித்தவரும் வடித்தவரும் ஒருங்கே அமர்ந்து செய்த மாற்றத்தின் பயன்.

நம் காலத்துக்கு வருவோம். மாண்டலின் சீனிவாஸ் 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 2014இல் நம்மை விட்டு மறைந்தவர். மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் இருக்கும். மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். நீண்டு நிற்காத ஒலியில் கமகம் எவ்வாறு பிறக்கும்? அவர் இரட்டைத் தந்திகளை விலக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார். ஐந்தாம் தந்தி ஒன்றைச் சேர்த்தார். மின் மாண்டலினைக் கைக்கொண்டார். இங்கிலாந்துக் கித்தார்க் கலைஞர் சான் மெக்லாஃப்லினோடும், நம் மும்பையில் பிறந்த தபலா மேதை சாகிர் உசேனோடும் அவர் இதே நகரில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வாசித்த கச்சேரி இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

கித்தாரிலும் இப்பணி நடந்தேறியிருக்கிறது. சுகுமார் பிரசாத் மின் கித்தாரில் கருநாடக இசை வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்த பிரசன்னா அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். நம் இளையராசாவோ, இசையமைப்பாளராகப் புகழ் பெறுவதற்கு முன், சலீல் சௌதுரி போன்றோரின் இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். ஆகவே, தாத்தாவுக்கு நாம் சொல்லும் விடை இது: எந்தக் கருவியும் பிறந்த ஊரால் மட்டும் நமதாவதில்லை. அதை அறிந்து, நம் தேவைக்கு இசைய வைக்கும்போதே அது நமதாகிறது.

உள்ளே இருப்பது என்ன?

இனித் தந்தையின் முறையீடு. பிள்ளை பிரித்துப் போட்டிருக்கும் அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று நாமும் சற்றே எட்டிப் பார்ப்போம்.

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1931–32இல், அமெரிக்காவில் சார்ச்சு போசாம்ப் என்பவர் இவ்வுண்மையைக் கித்தாரில் பயன்படுத்தினார். கித்தாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சூழ்ந்த கம்பிச் சுருளும் இருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்துடிப்பு எழுகிறது. ஆம்பிளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. அந்தச் சுருளின் கம்பி நம் தலைமயிர் அளவே பருமன் உடையது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சுருளுக்குத் தந்தியின் அதிர்வும் ஒன்றே. வீட்டு மின்கம்பியிலிருந்து பரவும் புலமும் ஒன்றே. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவு சுருளில் புகுந்து, வண்டு முரல்வதுபோல 'உம்' என்று ஓயாமல் ஒலிக்கும். நம் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். பத்தடி அறையில் குழல்விளக்கின் சோக்கு ஒருபுறம், குளிர்ப்பெட்டி ஒருபுறம், விசிறியின் ரெகுலேட்டர் ஒருபுறம். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் மின்கம்பிகள். இவ்வளவுக்கும் நடுவே ஒற்றைச் சுருள் கித்தார் எப்படி அமைதியாக இருக்கும்?

இதற்குத் தீர்வு கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர். 1955இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் அவ்வமைப்புக் கித்தார்களில் இடம்பெற்றது. 1959இல் காப்புரிமை கிடைத்தது. அவர் ஒரு சுருளுக்குப் பதில் இரண்டை அருகருகே வைத்தார். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் மின்சாரம் செல்லுமாறு இணைத்தார். இரைச்சல் இரு சுருளிலும் ஒருங்கே நுழைந்து, எதிரெதிராக வெளிப்பட்டு, ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. அப்படியானால் இசையும் அழிந்துபோகாதா? அதற்காகவே காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். ஒரு சுருளில் வடமுனை மேலே. மற்றதில் தென்முனை மேலே. சுருளும் மாறிக் காந்தமும் மாறியதால் தந்தியின் ஒலி ஒரே திசையில் சேர்ந்து வலுப்பட்டது. 'உம்' என்னும் ஒலியை எதிர்த்து வீழ்த்துவது என்ற பொருளிலே அதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது.

இரட்டைச் சுருளின் நாதம் கனமானது, செறிவானது. ஆயினும் அது தந்தியை இரண்டு இடங்களில் ஒருங்கே கேட்பதால், மேல் நாதங்களில் சில மங்கிவிடும். ஒற்றைச் சுருளில் இருக்கும் பளிச்சென்ற தெளிவு இதில் குறையும். இரண்டும் வேண்டுமென்று விரும்பும் இளைஞன் என்ன செய்வான்? இன்னொரு கித்தார் வாங்கப் பணம் ஏது? அவன் ஒரு சுருளை வேண்டும்போது மட்டும் வாய்மூடச் செய்கிறான். இதுவே சுருள் பிரித்தல். உங்கள் மகன் மேசைமேல் கம்பிகளைப் பரப்பி வைத்துச் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

செய்யும் முறை

இதற்கு வேண்டியவை மிகுதியில்லை. லாமிங்டன் சாலையில் கிடைக்கும் இழுப்புக் குமிழ் ஒன்று, சால்டரிங் கோல், ஈயப் பற்றாசு, ஒரு மல்டிமீட்டர். இழுப்புக் குமிழ் என்பது திருப்பினால் ஒலியளவையும், மேலே இழுத்தால் இணைப்பையும் மாற்றும் குமிழ். பிக்கப்பிலிருந்து நான்கு கம்பிகள் வெளியே வரவேண்டும். சுருள் ஒன்றுக்கு இரண்டு. பழைய பாணிப் பிக்கப்பில் உள்கம்பி ஒன்றும் வலைக்கம்பி ஒன்றுமே வரும். அதைத் திறந்து பிரிப்பது கைதேர்ந்தவர்க்கே உரிய வேலை. நான்கு கம்பியுள்ள பிக்கப்பில், இரு சுருள்களையும் இணைக்கும் நடுச்சந்தியைக் குமிழின் வழியே தரைக்கம்பியோடு சேர்த்தால், ஒரு சுருள் ஓய்ந்துவிடும். மற்றது தனித்துப் பேசும்.

கம்பிகளின் நிறத்தை நம்பி இறங்கிவிடக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் நிறக்குறி மாறும். மீட்டரை வைத்து அளந்தறிவதே முறை. பழைய பாணி ஹம்பக்கர் முழுமையாக ஏறத்தாழ 8,000 ஓம் காட்டினால், ஒரு சுருள் அதில் பாதி காட்டும். குமிழ் வாங்குவதற்கு முன் கித்தாரின் உட்குழிவு போதிய ஆழம் உடையதா என்று அளந்துகொள்ள வேண்டும். இழுப்புக் குமிழ் சாதாரணக் குமிழைவிட நீளமானது.

சுருளைப் பிரித்ததும் தெளிவு வரும். ஒலி சற்றுக் குறையும். அடக்கப்பட்டிருந்த இரைச்சலும் திரும்பி வரும். இதற்கும் வழி உண்டு. கித்தாரில் இரண்டு ஹம்பக்கர்கள் இருந்தால், இரண்டையும் பிரிக்கும்போது, ஒன்றில் வடமுனைச் சுருளையும் மற்றதில் தென்முனைச் சுருளையும் விட்டுவைக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் இரைச்சல் மீண்டும் பெருமளவு அடங்கும். ஒரு கித்தாரைத் திறந்த பிள்ளை, மின்காந்தவியலில் ஒரு பாடத்தைக் கையால் கற்றுவிட்டான் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

இளந்தோழர்களே, இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனி உங்களிடம் பேசுகிறேன். கித்தாருக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது, அதனால் தீங்கில்லை. அதைச் செருகும் ஆம்பிளிஃபயரோ வீட்டு மின்சாரத்தால் இயங்குவது. கித்தாரின் தந்திகள் தரைக்கம்பியோடு இணைந்தவை. அக்கம்பி ஆம்பிளிஃபயர் வழியே சுவரிலுள்ள எர்த்து வரை செல்கிறது. எர்த்துச் சரியில்லாத வீட்டில், உங்கள் கைவிரல் தொடும் தந்தியே உயிருக்கு ஊறாகலாம். 1972இல் இங்கிலாந்தின் அண்டை நாடாகிய வேல்சின் சுவான்சி நகரில், லெசு ஆர்வி என்ற கித்தார்க் கலைஞர், எர்த்துச் சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டதால் மேடையிலேயே மின் தாக்குற்று உயிர் நீத்தார்.

ஆகவே, இரைச்சல் குறையும் என்று எவர் சொன்னாலும் பிளக்கின் மூன்றாம் முள்ளை வெட்டாதீர்கள். பழைய சால்களில், ஒரே துளையிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி இழுத்த கட்டடங்களில், முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். ஆம்பிளிஃபயரைத் திறக்காதீர்கள், செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பற்றவைக்கும்போது புகை எழுவதால், சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பற்றாசில் ஈயம் கலந்திருப்பதால், வேலை முடிந்ததும் கைகழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள். சிறுகுழந்தை தவழும் வீட்டில் சூடான கோலைத் தரையில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்வேன். மாற்றம் என்பது கருவியோடு நின்றுவிடக் கூடாது. சீனிவாஸ் தந்தியை மாற்றினார் என்பதை எடுத்துக்கொண்டு, அவர் உழைத்துப் பயின்றதை விட்டுவிடுவோமானால் பயனில்லை. அவருடைய ஆசிரியர் சுப்பராசு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். பாடிக் காட்டுவார், மாணவர் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பார். குமிழை இழுத்தால் நாதத்தின் நிறம் மாறும்; இராகம் பிறப்பதற்கோ விரல் பழக வேண்டும், செவி பழக வேண்டும்.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! நம் முன்னோர் திருநெல்வேலியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் இந்நகருக்கு வந்தபோது, இங்குள்ள வீடும் மொழியும் தொழிலும் அவர்களுக்குப் புதியவை. அவற்றைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். தாமும் அவற்றுக்கேற்ப அமைந்தார்கள். தம் குரலை இழக்கவில்லை. இன்று அவர்தம் பேரப்பிள்ளை ஒரு கருவியை அவ்வாறே அமைத்துக்கொள்ள முயல்கிறான். அவனைக் கடிவதற்கு முன், "இதில் ஒரு கீர்த்தனை வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிடில் வெட்கப்பட்டுக் கற்பான். தெரிந்தால் உங்கள் வீட்டு வழக்கு அன்றே தீர்ந்துவிடும்.

பத்தடி அறையில் பயில இடமில்லை. அண்டை வீட்டாரின் உறக்கமும் பெரிது. வாரத்தில் ஒருநாள் மாலை சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை இவ்விளைஞர்களுக்குத் திறந்து விடுங்கள் என்று பொறுப்பாளர்களை வேண்டுகிறேன். எர்த்துச் சரிபார்த்த இரண்டு செருகுதுளைகளும், இராகம் சொல்லிக்கொடுக்க இசையறிந்த ஒரு பெரியவரும், மின்பணி தெரிந்த ஓர் அன்பரும் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்குக் கித்தாரும் துணை நிற்கட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!