பிள்ளைகள் ஏன் இருண்ட உலகக் கதைகளைத் தேடுகிறார்கள்?

(சங்கப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், பெங்களூரில் நிகழ்த்திய உரை)

 

செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்திருப்பதாகத் தோழர்கள் சொன்னார்கள். நம் பிள்ளைகள் படிப்பகத்திலிருந்து அதிகமாக எடுத்துப்போவது ஒரே வகையான ஆங்கில நாவல்களைத்தானாம். பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லுகிற கதை, அரசாங்கம் படுக்கையறை வரை எட்டிப் பார்க்கிற கதை, புத்தகங்களைத் தேடித்தேடி எரிக்கிற கதை. இவற்றை அப்புறப்படுத்திவிட்டு நல்ல நூல்களை வைக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அவர்கள் சொல்லும் வைத்தியம்தான் தவறு என்பது என் கட்சி.

இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தில் டிஸ்டோப்பியா என்கிறார்கள். கேடுகெட்ட உலகம் என்று நாம் வைத்துக்கொள்வோம். 1868-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர், அயர்லாந்தைப் பற்றிய அரசின் கொள்கையைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சாடியபோது இச்சொல்லைக் கையாண்டார். கதைக்காரர்கள் கைக்கு அது பிற்பாடுதான் போயிற்று. 1932-ல் ஹக்ஸ்லி, 1949-ல் ஆர்வெல், 1953-ல் பிராட்பரி என்று பெரியவர்களுக்காக எழுதினார்கள். அந்த ஆர்வெல் பிறந்த ஊர் பீகாரின் மோதிஹாரி. தகப்பனார் வெள்ளை அரசின் அபின் இலாகாவில் உத்தியோகஸ்தர். அவர் எழுதிய 1984 என்ற நாவலை, 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாடு இருந்த நிலையைக் கண்ட பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் கையில் இன்று இருப்பது வேறொரு புத்தகம். சுசான் காலின்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 2008-ல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்', அதாவது பட்டினி விளையாட்டு. தொலைக்காட்சியில் ஒரு சேனலில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டி போடுகிறார்கள், மறு சேனலில் ஈராக் போர்க்களம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது இக்கதை தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கதையில் வரும் நாட்டின் பெயர் பானெம். இலத்தீன் மொழியில் ரொட்டி என்று பொருள். ஒரு தலைநகரம், அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். 24 பேர் சாகும்வரை மோத, அதை நாடே பார்க்க வேண்டும்.

கொடூரமான கதை என்று இங்கேயே மூடிவைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சீட்டுக் குலுக்கிப்போட்டுத்தான். 12 வயதில் உன் பெயரில் ஒரு சீட்டு, 13-ல் இரண்டு, 18-ல் ஏழு. எல்லோருக்கும் சமம்தானே? இல்லை தோழர்களே! வீட்டில் பசி என்றால் கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு; அது வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸுக்கு வயது 16. நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் தகப்பனை இழந்தவள். அவள், தாய், தங்கை என்று மூன்று பேருக்கும் தானியம் வாங்கியதால் அவள் பெயரில் 20 சீட்டு. ஐந்து பேர் வயிற்றுக்காக வாங்கிய அவள் தோழன் கேல் பெயரில் 42 சீட்டு. அதே ஊர் மேயரின் மகளுக்கோ ஐந்தே சீட்டு!

ரேஷன் கடை வரிசையில் நின்ற எந்தத் தாய்க்கும் இந்தக் கணக்குப் புரியும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், குலுக்கலும் ஒன்றுதான். ஆனால் பசித்தவன் பெட்டிக்குள் தானே போய் விழுகிறான். அதோடு முடியவில்லை. தானியம் வாங்கும் சுரங்கக் குடியிருப்புப் பிள்ளைகளும், வாங்கத் தேவையில்லாத கடைவீதிப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள். தலைநகரத்தை வெறுக்க நேரமில்லை. பிழைக்க வந்தவனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் நடுவே சண்டை மூட்டிவிட்டு யார் குளிர் காய்கிறார்கள் என்பதை நாமும் பார்த்தவர்கள்தானே! பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது?

கொலை வருகிறதே என்கிறீர்கள். பகாசுரன் கதையை நாம் எந்த வயதில் பிள்ளைகளுக்குச் சொன்னோம்? வண்டி நிறையச் சோறு, கூடவே வீட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்து. அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வெளியூரிலிருந்து பீமன் வந்து சேர்ந்தான். இங்கே பீமன் வரமாட்டான். தங்கை பெயர் விழுந்ததும் அக்காள்தான் முன்னே வந்து, அவளுக்குப் பதில் நான் போகிறேன் என்கிறாள். இளைய உள்ளத்தை இழுப்பது இரத்தமா, அந்த அக்காளா? பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவை எதிர்காலக் கதைகள் என்று விற்கப்படுகின்றன. யாருடைய எதிர்காலம்? இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம்மவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி வெள்ளைக் கம்பெனிக்குத் தங்கம் வெட்டினார்கள். தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, 1930-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்வெல் அந்த நாவலை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னால்! 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நமக்குக் கடந்த காலமாக இருப்பது அமெரிக்கப் பிள்ளைக்கு வருங்காலப் பயங்கரமாகத் தெரிகிறது. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன்.

குறைகள் வேறும் உண்டு. ஒரு புத்தகம் விற்றதும் அச்சில் வார்த்ததுபோல் இருபது புத்தகம் வந்தது. 2011-ல் வந்த 'டைவர்ஜென்ட்' மக்களைக் குணத்தை வைத்து ஐந்து பிரிவாக்கி ஏதோ விளையாட்டுக் காட்டுகிறது. அதன் திரைப்பட வரிசை 2016-க்குப் பிறகு முடிவு தெரியாமலே நின்றுபோயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. பட்டினி விளையாட்டின் கதி இன்னும் வேடிக்கை. 2013-ல் அதன் படம் வந்தபோது, கதையில் ஏழைகளை உறிஞ்சுகிற அந்தத் தலைநகரத்தின் பெயரிலேயே முகப்பூச்சு விற்றார்கள்!

நான் பெரிதும் மதிப்பது லோயிஸ் லௌரி 1993-ல் எழுதிய 'தி கிவர்'. சின்னப் புத்தகம். பசியில்லை, சண்டையில்லை, நிறம்கூட இல்லாத ஓர் ஊர். 12 வயதானதும் உனக்கு இன்ன வேலை என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஊரின் பழைய நினைவுகள் முழுவதும் ஒரே ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். மற்றவர்களுக்கு நினைவும் கிடையாது, வலியும் கிடையாது. ஜோனாஸ் என்ற சிறுவன் அவரிடம் அந்த நினைவுகளை வாங்கிக்கொள்ளப் போகிறான். மருமகள் வேலைக்குப் போய்விட, மூலையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் தவிர வேறெங்கும் சொந்த ஊர் இல்லாத நம் வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாத கதையா? எந்தப் பாடம், எந்த வேலை என்று பெரியவர்கள் தீர்மானிக்கிற வயதில்தான் அவன் இதைப் படிக்கிறான். அமெரிக்காவிலும் பெற்றோர் சிலர் இதைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லிப் பலமுறை சண்டை போட்டிருக்கிறார்கள்.

2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. காட்னிஸ் கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை மாணவர்கள் தெருவில் காட்டினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் எதிரிலேயே அப்படிக் காட்டிய ஐந்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021-ல் மியான்மாரில் அதே மூன்று விரல்கள் எழுந்தன. அங்கே அதற்காகக் குண்டடி பட்டவர்களும் உண்டு. விரலைத் தூக்கியதால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவன் அந்தக் கதையைப் பொழுதுபோக்கு என்று எண்ணவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: அந்த அலமாரியில் கை வைக்காதீர்கள். அதன் பக்கத்திலேயே, ஆர்வெல் எழுதி க.நா.சு. தமிழாக்கிய 'விலங்குப் பண்ணை'யை இரண்டு பிரதி வாங்கி வையுங்கள்; ஆங்கிலம் வாசிக்காத தாய் தகப்பனும் எடுத்துப் போகட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தங்கவயலில் வேலை பார்த்த பெரியவர்களில் ஒருவரை அழைத்து வர முடியுமா என்று பாருங்கள். தாய்மார்களே, இன்றிரவு சோறு போடும்போது, அந்த 42 சீட்டுக் கணக்கைப் பிள்ளையை விட்டே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நேரம் ஆகிவிட்டது, பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.