மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?

(பட்டிமன்றத் தலைப்பு: வீட்டைச் சுற்றி மரம் வளர்ப்பது செலவா? வரவா? 'வரவே' என்ற அணியில் பேசியது.)

அறிவார்ந்த நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! குன்னத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

சொந்த ஊரிலே பேசுவது ரொம்பக் கஷ்டம் ஐயா. வெளியூருக்குப் போனால் 'முனைவர் வந்துவிட்டார்' என்று மாலை போடுகிறார்கள். இங்கே வந்து இறங்கினால், 'யாரு? எங்க கொல்லையிலே புளியங்கா அடிச்சிட்டு ஓடுனானே, அந்தப் பயலா?' என்கிறார்கள். (சிரிப்பு)

ஆனாலும் இது பெருமைக்குரிய ஊர். தமிழ்த்தாத்தா உ.வே.சா. அவர்கள் இளமையிலே குடும்பத்தோடு தங்கித் தமிழ் படித்த ஊர்களில் ஒன்று இந்தக் குன்னம். அவர் என்ன செய்தார்? சங்க ஏடுகளை அவரா எழுதினார்? இல்லை. கறையான் தின்ன இருந்ததைக் காப்பாற்றினார். எழுதியவரை வணங்குகிற தமிழன், காப்பாற்றியவரையும் வணங்குகிறான். இதை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியிலே வருகிறேன்.

எதிரணித் தலைவர் நீளமான பட்டியல் ஒன்று வாசித்தார். கன்று வாங்கச் செலவு, குழி வெட்டச் செலவு, தண்ணீருக்குச் செலவு, சருகு கூட்டச் செலவு, வேர் சுவருக்குள்ளே புகுந்தால் அதற்கும் செலவு. நடுவர் அவர்களே, இதிலே ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. அத்தனையும் உண்மை! (எதிரணியில் கைதட்டல்) அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். செலவு இல்லாத வரவு உலகத்திலே எது? என் வாதம் என்னவென்றால், மரம் நமக்கு நஷ்டம் வைப்பதில்லை. செலவு செய்ய வேண்டிய இடத்தை நாம்தான் தப்பாகப் பிடித்துக்கொள்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலே இதே ஊரிலே வீடு கட்டினேன். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள். இரண்டையும் பார்த்தவன் நான். (சிரிப்பு) வாசலிலே எங்கள் அப்பா வைத்த வேப்பமரம் நின்றது. மேஸ்திரி வந்தார். 'சார், இந்த மரம் எலிவேஷனை மறைக்குது' என்றார். வெட்டிவிட்டேன். டைல்ஸுக்கு ஒரு கணக்கு, கிரில்லுக்கு ஒரு கணக்கு, பெயிண்டுக்கு ஒரு கணக்கு. எல்லாம் எழுதி முடித்துக் கடைசி வரியிலே 'இதர செலவு' என்று போட்டேனே, அதற்குள்ளேதான் மரம் இருந்தது.

தை மாதம் புதுமனை புகுவிழா. வந்தவர்களை விட்டு இருபது கன்று நட்டேன். போட்டோவும் எடுத்துக்கொண்டோம். சித்திரை வந்தது. மூன்று கன்று மிச்சம். அதிலே இரண்டை ஆடு கடித்தது. மிச்சம் ஒன்று வைகாசியைப் பார்க்கவில்லை.

எங்கள் அம்மா என்ன செய்வார் தெரியுமா? காலை பத்து மணிக்கெல்லாம் கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். 'ஏம்மா, உள்ளே ஃபேன் இருக்கே' என்றேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: 'வீடு உன்னுது தம்பி. நெழலு அவங்களுது.' எத்தனையோ மேடையிலே எதிரணிக்குப் பதில் சொன்ன எனக்கு, அன்றைக்குப் பதில் வரவில்லை ஐயா.

அடுத்த ஐப்பசியிலே மறுபடியும் இருபது கன்று வாங்கப் புறப்பட்டேன். அம்மா நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'எத்தனை கொடம் தூக்குவ?' நடுவர் அவர்களே, இந்த மூன்று சொல்தான் மர பட்ஜெட்! (கைதட்டல்)

கணக்குப் போடுவோம். கோடையிலே ஒரு சின்னக் கன்றுக்கு வாரம் இரண்டு குடம் என்று வையுங்கள். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் ஆறு மாதம், 26 வாரம். ஒரு கன்றுக்கு 52 குடம். இருபது கன்றுக்கு? 1,040 குடம்! யார் தூக்குவது? போட்டோவுக்கு நின்றவர்களா? (சிரிப்பு) மூன்று கன்று என்றால் 156 குடம். அதை ஒரு குடும்பம் தூக்கலாம். பாத்திரம் அலசிய தண்ணீரைத் திருப்பிவிட்டால் பாதிச் சுமை குறையும். ஆகவே, கையிலே எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்துக் கன்றை எண்ணாதீர்கள். கோடையிலே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று பார்த்து எண்ணுங்கள்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று ஒரு பழமொழி. கடவுளைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு நாம் வானத்தைப் பார்க்கிறோம். ஐயா, வீட்டு வாசலிலே மரம் வைத்தவன் யார்? நீதானே! நீதான் ஊற்ற வேண்டும்!

மரத்துக்கென்று நூறு ரூபாய் ஒதுக்கினால் அதை எப்படிப் பிரிப்பது? பட்டு அறிந்தவன், என் கணக்கைச் சொல்கிறேன். கன்றுக்குப் பத்து ரூபாய். குழிக்கும் எருவுக்கும் இருபது. வேலிக்கு முப்பது. மூன்று கோடைத் தண்ணீருக்கு நாற்பது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பத்தடி உயரக் கன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, 'பணம் தீர்ந்துபோச்சு' என்கிறோம். சின்னக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். உயரமாக வளர்ந்ததைப் பிடுங்கி வைத்தால், வேர் இழந்த அதிர்ச்சியிலேயே கிடக்கும். பைக்குள்ளே வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணமே இல்லையா? கவலை வேண்டாம். சீமைக் கருவேல முள்ளுக்கு நம்ம ஊரிலே பஞ்சமா? சுற்றி நட்டால் வேலி. ஆட்டுப் பட்டியிலே எரு. மக்காச்சோளத் தட்டையைப் பாத்தியிலே பரப்பினால் மண்ணிலே ஈரம் நிற்கும். புரட்டாசி, ஐப்பசியிலே நட்டால் முதல் இரண்டு மாதத் தண்ணீரை வடகிழக்குப் பருவமழை இலவசமாக ஊற்றும். நான் தையிலே நட்டேனே, அது மழையை வழியனுப்பிவிட்டு விருந்துக்கு அழைத்த கதை. (சிரிப்பு)

வேர் சுவரைப் பிளக்கும் என்றார் நண்பர். நம்முடையது கரிசல் மண். கோடையிலே சுருங்கி வெடிக்கும், மழையிலே ஊதும். பெரிய மரம் பக்கத்திலே நின்று ஈரத்தை உறிஞ்சினால் அஸ்திவாரத்துக்குக் கேடுதான். அதற்காக மரமே வேண்டாமா? வேம்பு, புங்கைக்கு இருபது அடி தள்ளி இடம் விடுங்கள், மேற்குப் பக்கமாக. மாலை வெயில் சுவரிலே அடிக்காது. முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும், அதைக் கொல்லைக் கோடிக்கு அனுப்புங்கள். எலுமிச்சையைப் பாத்திரம் கழுவுகிற இடத்துப் பக்கம் வையுங்கள். அரசும் ஆலும் கோயிலுக்கு, குளத்தங்கரைக்கு. மேலே மின்கம்பி போகிறதா என்று இன்றைக்கே அண்ணாந்து பார்த்துவிட்டால், இருபது வருஷம் கழித்துக் கிளை வெட்டுகிற கூலி மிச்சம்.

அரசாங்கம் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பரப்பிலே 33 விழுக்காடு காடும் மரமும் வேண்டும் என்பது இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் எண்ண வேண்டியது நட்ட கன்றையா, நிற்கிற மரத்தையா?

கென்யா நாட்டிலே வங்காரி மாத்தாய் என்ற அம்மையார் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார். எதற்கு? நட்ட கன்றுக்கு இல்லை, பிழைத்த கன்றுக்கு! 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கர்நாடகத்திலே, ஹுலிக்கல் கிராமத்திலே, திம்மக்கா. பள்ளிக்கூடம் போகாதவர், குழந்தை இல்லாதவர். கணவரோடு குடத்திலே தண்ணீர் சுமந்து, முள் வேலி போட்டு, சாலையோரம் 385 ஆலமரம் வளர்த்தார். 2019-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அந்த அம்மாவின் பட்ஜெட்டிலே பெரிய வரி எது? குடம்தான்!

நம் மாவட்டத்திலேயே சாத்தனூர் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள், கல்மரம். புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் கண்டு சொன்னது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னாலே வாழ்ந்த மரம் கல்லாகிக் கிடக்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டுக் காக்கிறோம். சரிதான், காக்க வேண்டும். ஆனால் நான் கேட்கிறேன், கல்லாய்ப் போன மரத்துக்கு வேலி இருக்கிறது. உயிரோடு இருக்கிற கன்றுக்கு எங்கே ஐயா வேலி? (பலத்த கைதட்டல்)

முடித்துவிடுகிறேன். அன்றைக்கு அம்மா பேச்சைக் கேட்டு மூன்றே கன்று வைத்தேன். வேம்பு, முருங்கை, எலுமிச்சை. மூன்றும் பிழைத்தன. முருங்கை அந்த வருஷக் கடைசிக்குள்ளே குழம்புக்குக் காய் கொடுத்தது. வேம்புக்கு அம்மாவே தண்ணீர் சுமந்தார். கட்டில் மட்டும் சில வருஷம் பக்கத்து வீட்டுக்குத்தான் போனது. பிறகு ஒருநாள் நம் வீட்டிலேயே நின்றுவிட்டது.

ஏழாவது வருஷம் சித்திரையிலே அம்மா போய்விட்டார். பந்தல்காரர் வந்தார். மேற்குப் பக்கம் பார்த்தார். 'இந்தப் பக்கம் பந்தல் வேணாம் சார். மரம் இருக்கு' என்றார். துக்கம் கேட்க வந்த சனமெல்லாம் அன்றைக்கு அந்த நிழலிலேதான் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார்.

நடுவர் அவர்களே, உ.வே.சா. அவர்களைப் பற்றிக் கடைசியிலே வருகிறேன் என்றேன். நடுவது ஒருநாள் வேலை. காப்பாற்றுவது மூன்று வருஷ வேலை. அந்த மூன்று வருஷத்துக்குப் பட்ஜெட் போட்டவனுக்கு மரம் வரவு. போடாதவனுக்கு அது செலவு. என் அம்மா தூக்கிய குடத்தை எந்தப் பக்கத்திலே எழுதுவது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

(கைதட்டல்)