மூன்றாவது படியில் நிற்பவர்கள்



பிள்ளைகளைச் சீரழிப்பவனின் மனத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அருவருப்பான மனம்தான். ஆனால் திருடன் வந்த வழி தெரியாமல் எந்தக் கதவைப் பூட்டுவீர்கள்?

பிடிபட்டதும் அவன் என்ன சொல்கிறான்? "பாசத்துல தொட்டேன்." "புள்ள வேணாம்னு சொல்லலியே." "அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்!" கடைசியில், "குடிச்சிருந்தேன், புத்தி தடுமாறிடுச்சு."

தடுமாறியவனா? அம்மா வேலைக்குப் போகும் நேரம் அவனுக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டத் தெரியும். "வெளிய சொன்னா உன்னத்தான் அடிப்பாங்க" என்று பிள்ளையை மிரட்டத் தெரியும். இத்தனை கணக்குப் போட்டவனா தடுமாறியவன்? கைதட்ட வேண்டாம் தாய்மார்களே, கேளுங்கள்!

டேவிட் ஃபிங்கெல்ஹார் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1984-ல் இந்தக் கொடுமை நடக்கும் வழியை நாலு படியாகப் பிரித்துச் சொன்னார். முதல் படி, ஆசை. இரண்டாவது, மனசாட்சியைத் தாண்டுவது. மூன்றாவது, பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்களைத் தாண்டுவது. நாலாவதுதான் பிள்ளையின் எதிர்ப்பைத் தாண்டுவது. அவன் சொல்லும் சாக்கெல்லாம் இரண்டாவது படிக்கு. போலீஸுக்குச் சொல்வதற்கு முன்பே தனக்குத்தானே சொல்லிப் பழகியவை!

அந்தச் சாக்குகளை அவனுக்கு யார் கொடுத்தது? இன்னொரு மேடையில் ஒருவர் முழங்கினாராம், பெண் பிள்ளைகளின் உடுப்புதான் காரணம் என்று. ஐயா, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு ஏது உடுப்பு? 2007-ல் வெளியான மத்திய அரசு ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அவர்களிலும் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! உங்கள் பேச்சைத்தானே ஐயா அந்தப் பாவி தன் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறான்?

ஒரு சத்துணவு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், பேர் வேண்டாம். முட்டை என்றால் உயிரை விடும் சிறுமி ஒருத்தி, மூன்று நாளாக முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். அந்த அம்மா அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை வாயைத் திறந்தது. அவளைச் சீரழித்தது, அவள் மாமா என்று கூப்பிடும் ஆள்.

படித்தவர்கள் கூடினார்கள். "மானம் போயிடும், பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை ஐயா! யாருடைய மானம்? கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அந்த அம்மா, காவல் நிலையத்துக்குப் போய், "எழுதிக்குங்க சார்" என்றார். அவர்தான் மூன்றாவது படியில் நின்றவர்!

பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. வழக்குக்கு வருபவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான். ஆகவே தெருவில் தேடாதீர்கள், வீட்டு வாசலுக்குள் பாருங்கள்.

1098, பிள்ளைகளுக்கான உதவி எண். செல்போனை எடுத்து இப்போதே பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை தட்டை ஓரமாகத் தள்ளினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள்.