கோடைப் பயிற்சியும் மலையோர ஆசிரியர்களும்



வேறொரு தொழிலில் இருப்பவரை ஒரே கோடைக்காலத்தில் பயிற்றுவித்து ஆசிரியராக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் புகழப்படுகிறது. அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய 'டீச் ஃபார் அமெரிக்கா' அமைப்பு, பட்டதாரிகளுக்குச் சில வாரக் கோடைப் பயிற்சி அளித்து ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதே முறை 2009இல் 'டீச் ஃபார் இந்தியா' என்னும் பெயரில் மும்பை, புனே பள்ளிகளில் நுழைந்தது. நிறுவன வேலையை விட்டு வரும் இளைஞர் இரண்டாண்டு கற்பிக்கிறார். அதன்பின் விரும்பினால் வேறு துறைக்குச் செல்கிறார். அவருடைய தன்விவரக் குறிப்பில் அந்த இரண்டாண்டு ஒரு பெருமையாக இடம்பெறுகிறது.

இதே சோதனை இந்தப் பெயர்கள் எதுவுமின்றி, கேரளத்தின் கிழக்கு எல்லையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அங்கே ஆசிரியரானவர்கள் இரண்டாண்டில் வெளியேறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதே இன்று பேச வேண்டிய பொருள்.

உலக வங்கிக் கடனுடன் நடந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 1997 வாக்கில், பாலக்காடும் இடுக்கியும் சேர்க்கப்பட்டன. அட்டப்பாடியின் ஊருகளிலும், தேவிகுளம் மலைகளின் முதுவான் குடிகளிலும், சாலை எட்டாத குடியேற்றப் பகுதிகளிலும் பள்ளி இல்லை. ஆறு பெருகினாலும் யானை வந்தாலும் குழந்தையின் படிப்பு நின்றுவிடும். ஆகவே பல்வகுப்புக் கற்றல் மையங்கள் திறக்கப்பட்டன. மக்கள் அவற்றை ஓராசிரியர் பள்ளி என்றே அழைத்தனர். ஓர் அறை, நான்கு வகுப்புகள், ஓர் ஆசிரியர். பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ படித்துவிட்டு வீட்டிலும் நிலத்திலும் தோட்டத்திலும் உழைத்துவந்த உள்ளூர்வாசிகள், 'கல்வித் தன்னார்வலர்' என்னும் பெயரில் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெண்கள் மிகுதி.

அவர்கள் பெற்றது குறுகிய காலப் பயிற்சியே. ஆனால் அது வெறும் சடங்கன்று. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான கற்றல் ஏணி முறையே அதன் அடிப்படை. பாடநூல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை இருக்கும். குழந்தை தன் படியைத் தானே கண்டுபிடித்து, அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவில் அமரும். ஒரு குழு ஆசிரியரின் நேரடித் துணையுடன் புதியதைக் கற்கும்போது இன்னொரு குழு பயிற்சி செய்யும். மற்றொன்று தானே படிக்கும். நோயினால் பத்து நாள் வராத குழந்தை விட்ட படியிலிருந்து தொடரலாம், வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிவிடாது. தமிழ்நாட்டில் 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஏற்கெனவே பட்டயம் பெற்ற ஆசிரியர்களும் அப்போது அதைப் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது.

எந்தக் கோடைப் பயிற்சியாலும் தர முடியாத ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அது அந்த இடத்தின் மொழி. இருளர் பேச்சும் முதுவான் பேச்சும் தமிழோடு நெருங்கியவை. பள்ளிப் புத்தகமோ மலையாளத்தில் இருந்தது. மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களிலும், சிற்றூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும் வீட்டு மொழி தமிழ். ஆறு வயதுக் குழந்தை தண்ணீர் வேண்டும் என்று தன் பேச்சில் கேட்கும்போது புரிந்துகொள்ளும் ஆசிரியரே அக்குழந்தையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பவர். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் கூறிவருகிறது. ஆனால் இந்த ஆசிரியர்களின் தகுதியை அளந்தபோது அவர்களுடைய மொழியறிவு போதிய மதிப்பைப் பெறவில்லை!

பின்னர் 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரே கற்பிக்க வேண்டும் என்று அதன் 23ஆம் பிரிவு விதித்தது. ஏழைக் குழந்தைக்கு அரைகுறை ஆசிரியர் போதும் என்னும் எண்ணத்துக்கு எதிரான சரியான விதி அது. ஆனால் ஏற்கெனவே பணியில் இருப்போரைத் தகுதிபெறச் செய்யும் கடமை யாருடையது? இந்தியா முழுவதும் தகுதி பெறாத ஆசிரியர்களுக்கு 2019 மார்ச் 31 வரை காலக்கெடு தரப்பட்டு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 18 மாதப் பட்டயப் படிப்பு நடத்தப்பட்டது. அது இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023 நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்டில் பணியில் இருந்து, கெடுவுக்குள் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்னும் விளக்கம் 2024 டிசம்பரில்தான் வந்தது. அரசே நடத்திய படிப்பை நம்பிப் படித்தவர்கள் ஓராண்டுக்கு மேல் ஊசலாடினார்கள்.

கேரள மலைகளில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2022 மார்ச்சுடன் ஓராசிரியர் பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பள்ளிகளில் துப்புரவுப் பணியிடங்கள் முன்வைக்கப்பட்டன. அந்த ஜூன் மாதத்தில், முந்தைய ஆண்டுவரை கரும்பலகையில் எழுதிய கைகள் துடைப்பம் பிடித்தன. துப்புரவுத் தொழில் இழிவானதன்று. அதில் நிரந்தர ஊதியமும் உண்டு. வேலையே இல்லாமல் தெருவில் விடுவதைவிட இது மேல் என்று ஆட்சியாளர்கள் வாதிடலாம், அந்த வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் இருபதாண்டுக் கற்பித்தல் அனுபவத்தை அரசு எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை என்பது மறைக்க முடியாத செய்தி. கற்பித்துக்கொண்டே பட்டயம் பெற, ஆண்டுதோறும் வந்துபோன கோடை விடுமுறைகள் போதாமலா போயின?

இது நடந்தது இடதுசாரி ஆட்சியில் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை நிர்வாகியின் கையிலிருந்து எடுத்து அரசின் நேரடிப் பொறுப்பாக்கியது. அந்த மரபில் வந்தோரிடம் ஓராசிரியர் பள்ளியின் ஆசிரியர்கள் கேட்டது சலுகையன்று.

இன்று அட்டப்பாடியிலோ இடமலைக்குடியிலோ புதிய ஆசிரியர்களை உருவாக்க எந்தத் திட்டம் வந்தாலும், அதன் முதல் அறிவிப்பிலேயே மூன்று செய்திகள் இருக்க வேண்டும். கோடைப் பயிற்சிக்குப்பின் எத்தனை ஆண்டுகளில், யாருடைய செலவில் முழுப் பட்டயம் கிடைக்கும்? அதுவரை ஊதியம் எவ்வளவு? குழந்தையின் வீட்டு மொழியை அறிந்தவருக்குத் தேர்வில் என்ன முன்னுரிமை? ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் ஆதிவாசி அமைப்புகளும் இந்தக் கேள்விகளோடு, பயிற்சி முகாம் தொடங்கும் முன்பே, கல்வி அலுவலகத்தின் வாசலுக்குச் செல்ல வேண்டும். துப்புரவுப் பணிக்கு அனுப்பப்பட்டவர்களின் கற்பித்தல் ஆண்டுகளை ஓய்வூதியத்தில் சேர்க்கும் கோரிக்கையும் அதே மனுவில் இடம்பெற வேண்டும்.